எலோதியாவின் செல்லாத ஓட்டு

தேர்தல் அன்று வரிசையில் முதல் ஆளாக நிற்கக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுச்சாவடி வேலைக்கு ஊர்க்காரர்களைத்தான் குலுக்கல் போட்டு எடுப்பார்கள். பெயர் விழுந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்று காலையில் காய்ச்சல் வந்துவிடும். மீதிப் பேரின் அத்தைக்கு வேறு ஊரில் உடம்பு சரியில்லாமல் போய்விடும். அப்போது வரிசையில் முன்னால் நிற்பவர்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்துவிடுவார்கள். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை எழுந்து போக முடியாது. அதனால் காலையில் சீக்கிரம் வந்தவர்களெல்லாம் ஓட்டுச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சுவரோரமாகச் சாய்ந்துகொண்டு, செருப்பு வாரைச் சரி செய்வதும் வானத்தைப் பார்ப்பதுமாக, யாராவது ஒரு ஏமாளி முதலில் போய் நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை எலோதியாதான் அந்த ஏமாளி.

அவள் சந்தைத் தெரு முனையில் இருக்கும் மக்காச்சோள ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அள்ளும். ஓட்டைப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடு என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த அவசரத்தில் எதையும் யோசிக்காமல் நேரே போய்க் கதவருகில் நின்றுவிட்டாள். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"பாருங்கப்பா, ரொட்டிக்காரம்மா மாட்டிக்கிட்டாங்க!"

"நல்ல நாற்காலியாப் பார்த்து உட்காருங்க தோன்யா எலோ. போன தடவை எனக்குக் குடுத்தது மூணு கால் நாற்காலி. இன்னும் இடுப்பு வலிக்குது."

பெண்களைத் தோன்யா என்றும் ஆண்களைத் தோன் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். சாவடி மேசைக்குப் பொறுப்பாக இருந்த பள்ளி ஆசிரியை வெளியே வந்து எலோதியாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுதப் படிக்கத் தெரியுமா, தோன்யா?"

"மூணாவது வரைக்கும் போனேன்."

"எண்ணத் தெரியுமில்ல?"

"கிலோக் கணக்கு தெரியும்."

"அது போதும். வாங்க."

மாட்டேன் என்று சொல்ல எலோதியாவுக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே அவளுக்கு வாய் வருவது குறைவு. மலைக்கிராமத்திலிருந்து வந்தவள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்று எல்லோரையும் கவனிப்பதுதான் அவள் பழக்கம். கடையிலும் அப்படித்தான். ரொட்டி இயந்திரத்தின் கடகடவென்ற சத்தத்துக்குள் அவள் இருப்பதையே மறந்துவிட்டு ஊரே தன் வீட்டுக் கதையைப் பேசிவிட்டுப் போகும்.

அன்று ஊர்த் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் நகரத்திலிருந்து வந்தவன். சுவரொட்டியில் பல் தெரியச் சிரித்ததைத் தவிர அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. இன்னொருவர் தோன் அபுந்தியோ. ஊருக்குத் தண்ணீர் விற்கும் லாரிகள் எல்லாம் அவருடையவை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அவர் லாரி ஓடாது. குழாயில் தண்ணீர் விடுவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவரும் அவர்தான். மூன்றாவது ஒப்துலியா.

எலோதியா அன்று முழுவதும் நிலைகொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் இந்த ஒப்துலியாதான்.

எலோதியாவின் கணவன் நிக்கானோர் கொத்தனாராக இருந்தவன். சர்க்கரை நோய் அவன் பார்வையில் பாதியைத் தின்றுவிட்டது, கையும் நடுங்கும். தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும். எலோதியாவுக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டும். ஒப்துலியா ஊர் மருந்தகத்தில் தரை துடைப்பவள். அங்கேயே பார்த்துப் பார்த்து ஊசி போடக் கற்றுக்கொண்டவள். மூன்று வருடமாக, மழையோ குளிரோ, வேலைக்குப் போகும் வழியில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவாள்.

"வந்துட்டா கொசு," என்பான் நிக்கானோர்.

"கொசுவுக்கு ரத்தம் வேணும். சட்டையைத் தூக்குங்க, தோன் நிக்கா. ஐயோ, இந்தத் தொப்பைக்கு ஊசி பத்தாது, கடப்பாரைதான் வேணும்."

இதற்கு அவள் காசு வாங்கியதில்லை. ஒரு கட்டுச் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போவாள். தேர்தலில் நின்ற பிறகும் அந்த வீட்டில் அவள் ஓட்டுக் கேட்கவில்லை. ஊசி போட வந்த இடத்தில் ஓட்டுக் கேட்டால் அது மிரட்டுவது மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டாள். தெருக்கூட்டத்தில் மட்டும் ஒருமுறை பேசினாள். அவள் கொடுத்த வாக்குறுதியைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"தினமும் தண்ணி விடுவேன்னு நான் சொல்லமாட்டேன். தண்ணி இல்ல, அதான் உண்மை. ஆனா எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வரும், எந்தக் கிழமை வராதுன்னு முன்கூட்டியே சொல்லிடுவேன். சொன்ன கிழமை வரலைன்னா என் வீட்டு வாசல்ல வந்து குடத்தைத் தட்டுங்க."

எலோதியாவும் சிரித்தாள். ஆனால் இரவு படுத்த பிறகு அந்தப் பேச்சு மறுபடி மறுபடி நினைவில் வந்தது. அதற்கு முன் எந்த அரசியல்வாதியும் வராது என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

இத்தனைக்கும் எலோதியா அரசியல்வாதிகளை நம்பாதவள். ஒருமுறை நம்பியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஒரு பள்ளி ஆசிரியர் தேர்தலில் நின்றார். கிழிந்த காலணியோடு வீடு வீடாக நடந்தவர். எலோதியா வயிற்றுப் பிள்ளையோடு அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். வெட்கத்தை விட்டுக் கோஷம்கூடப் போட்டாள். அவர் ஜெயித்தார். அடுத்த வருடம் நீலக் கண்ணாடி வைத்த மாடி வீடு கட்டினார். வழியில் எதிர்ப்பட்டபோது எலோதியா வணக்கம் சொன்னாள். அவர் யாரோ என்று பார்த்துவிட்டுக் காருக்குள் போய்விட்டார். அந்த வணக்கத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாமல் அவள் அன்று தெருவில் நின்ற நிலை இன்றுவரை மறக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் போவாள். எல்லாச் சின்னத்தின் மேலும் கோடு கிழித்துவிட்டு வருவாள். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள், அரிசி, எண்ணெய், போர்வை, எதுவானாலும். ஆனால் ஓட்டை யாருக்கும் கொடுக்கமாட்டாள். திருடனிடமிருந்து வாங்கினோம், திருடனுக்குக் கொடுக்கவில்லை, என் கை சுத்தம் என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. நிக்கானோரிடம்கூட.

இந்த முறை வந்தது தண்ணீர்த் தொட்டி. வீட்டுக் கூரைமேல் வைக்கும் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. தோன் அபுந்தியோவுக்காகத் தெருவில் வேலை பார்த்தவள் முனைக்கடை செனாய்தா. எலோதியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உறவுக்கு அங்கே உடன்பிறந்தவளைவிட மதிப்பு.

"தொட்டி வந்திருக்கு, கொமாத்ரே. உனக்குன்னு ஒண்ணை ஒதுக்கி வெச்சிருக்கேன்."

"அதுல ஊத்தத் தண்ணி?"

"அதை அவரு லாரியில வாங்கிக்கோ." செனாய்தா தானே சிரித்துவிட்டாள். "என்னைத் திட்டாதே. சீட்டுல அவரு சின்னத்துல சிலுவை போட்டு, போன்ல ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிடு. இந்த தடவை படம் கண்டிப்பா வேணுமாம்."

தெரு முழுவதும் கூரைமேல் தொட்டி ஏறியது. எலோதியா வீட்டிலும் ஏறியது.

தேர்தல் காலையில், மேசையில் உட்காருபவர்கள் முதலில் ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று ஆசிரியை சொன்னாள். எலோதியா சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனாள். நூலில் கட்டிய கறுப்பு மெழுகுக் குச்சி தொங்கியது. அபுந்தியோவின் சின்னத்தில் பெரிதாகச் சிலுவை போட்டாள். ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்துப் படம் பிடித்தாள். அனுப்பினாள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

கை சற்று நின்றது. ஒப்துலியாவின் பெயர் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்தச் சிலுவையை இனி அழிக்க முடியாது. அழிக்க முடிந்திருந்தால் அவளுக்குப் போட்டிருப்பேனா என்று எலோதியா தன்னையே கேட்டுக்கொண்டாள். எப்படியும் ஜெயிக்கப் போவதில்லை, ஊரே தொட்டி வாங்கியிருக்கிறது. ஜெயித்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவளும் மாறிவிடுவாள். தோற்றுப்போனால்தான் ஒப்துலியா ஒப்துலியாவாகவே இருப்பாள், நாளைக் காலையில் வந்து கதவைத் தட்டுவாள். இப்படி நினைத்ததும் மனம் லேசாகிவிட்டது. அவளுக்கே நல்லது செய்வதுபோலக்கூட இருந்தது. மற்ற இரண்டு சின்னங்களின் மேலும் சிலுவை போட்டு, குறுக்கே ஒரு நீளக் கோடும் இழுத்து, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். கட்டைவிரலில் மை வைத்தார்கள்.

நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். வேட்பாளர்கள் தரப்பில் ஆளுக்கொருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கலாம். ஒப்துலியாவின் தரப்பில் வந்தவன் அவள் கணவன் எஃப்ரைன். ரொட்டி அடுமனையில் மாவு பிசைபவன், அதிகம் பேசமாட்டான். சலவை செய்த சட்டையை மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் பெண் வீட்டுக்காரன் உட்கார்ந்திருப்பதுபோல முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தான். மதியம் துணிப்பையைத் திறந்து, வறுத்த அவரையும் மிளகாயும் வைத்த பன்களை மேசையில் இருந்த எல்லோருக்கும் நீட்டினான். அபுந்தியோவின் ஆளுக்கும் கொடுத்தான்.

"இதைத் தின்னா ஓட்டு உங்களுக்குத்தான் போடணுமா?" என்றான் அபுந்தியோவின் ஆள்.

"நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களே. சும்மாச் சாப்பிடுங்க."

எலோதியா தன் பங்கை மெல்ல மென்றாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். எஃப்ரைனுக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. ஆசிரியை ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து எல்லோருக்கும் காட்டுவாள். எலோதியா அதைப் பார்த்து உரக்கச் சொல்லி, அந்தந்தக் குவியலில் வைக்க வேண்டும். உரக்கச் சொல்லுவதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம்.

"தோன் அபுந்தியோ."

"சத்தமா, தோன்யா."

"தோன் அபுந்தியோ! ஒப்துலியா. தோன் அபுந்தியோ."

பிறகு அந்தச் சீட்டு வந்தது. அபுந்தியோவின் சின்னத்தில் நிதானமாகப் போட்ட பெரிய சிலுவை. மற்ற இரண்டின் மேலும் அவசரமாகப் போட்ட சிலுவைகள். குறுக்கே கோடு. எலோதியாவுக்குக் காது அடைத்துவிட்டது. தன் கையெழுத்தே எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. எஃப்ரைன் பார்க்கிறானா என்று பார்க்க பயமாக இருந்தது.

"சொல்லுங்க, தோன்யா."

"செல்லாது," என்றாள். சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். போகட்டும், முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டாள்.

இரண்டு சீட்டு கழித்து மறுபடியும் அதே சீட்டு வந்தது. நிதானமான ஒரு சிலுவை, அவசரமான இரண்டு சிலுவை, குறுக்கே ஒரு கோடு. அப்படியானால் முதலில் வந்தது தன்னுடையது இல்லையா? இதுதானா? அவள் உற்றுப் பார்ப்பதற்குள் அடுத்ததும் வந்தது. அதிலும் அதே. சிலதில் கோட்டுக்குப் பதில் சுழி. ஒன்றில் நாய் மாதிரி ஏதோ படம். ஆனால் எல்லாவற்றிலும் அபுந்தியோவின் சிலுவை மட்டும் படத்துக்கு உட்கார்ந்த ஆள்போல அழகாக, நேராக இருந்தது.

எலோதியா செல்லாது, செல்லாது என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஆசிரியையும் இப்போது சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை. அபுந்தியோவின் ஆள் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் குவியலை முறைத்தான். தெருவே ஒரே மாதிரி யோசித்திருந்தது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கெட்டிக்காரன் என்று நினைத்து, திரைக்குள் தனியாக நின்று, அதே வேலையைச் செய்துவிட்டு, அதே சுத்தமான கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடைசியில் எலோதியாவால் தன் சீட்டு எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மேசையில் மூன்று பேருடைய குவியலைவிடவும் செல்லாத குவியல்தான் உயரமாக இருந்தது. அதற்கு அடுத்தது அபுந்தியோவுடையது. ஒப்துலியாவின் குவியல் அதற்கும் கீழே. நகரத்துக்காரனுக்கு விழுந்தது விரல் விட்டு எண்ணும் அளவு. செல்லாத குவியலில் பாதி ஒப்துலியாவிடம் போயிருந்தாலே போதும். அது மூணாவது வரை படித்தவளுக்கும் தெரியும், மாவு பிசைபவனுக்கும் தெரியும்.

எஃப்ரைன் அந்தக் குவியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்க யாருக்கும் ஒப்துலியாவைப் பிடிக்காமப் போகல போலிருக்கு," என்றான் ஆசிரியையிடம். "பிடிக்கலைன்னா அவனுக்கே போட்டிருப்பாங்களே." பிறகு கையெழுத்துப் போடும் இடம் எது என்று கேட்டுப் போட்டுவிட்டு, காலித் துணிப்பையை நான்காக மடித்து இடுக்கிக்கொண்டு போனான்.

முடிவுத் தாளைப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டியதும் தெருவே வந்து கூடிவிட்டது. மற்ற சாவடிகளிலும் இதே கதைதான் என்று செய்தி வந்தது. எலோதியா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

"செல்லாதது இவ்வளவா? யாருய்யா இந்த முட்டாளுங்க?"

"ஓட்டுப் போடத் தெரியாதவங்களெல்லாம் எதுக்கு வரணும்? வீட்டுலயே கெடக்க வேண்டியதுதானே?"

"அந்த மேட்டுத் தெருக்காரங்களாத்தான் இருக்கும்."

"ஏன், உங்க தெருவுல எல்லாரும் வக்கீலா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் அந்தத் தாளிலேயே இருந்தது. பேச்சு சீக்கிரமே ஓய்ந்து, ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டபோது எலோதியா அடுப்படியில்தான் இருந்தாள். எழுந்து போகாமல் கல்லில் கிடந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைத் தொறடி, கொசு வந்திருக்கு," என்றான் நிக்கானோர்.

ஒப்துலியாவின் கண் வீங்கியிருந்தது. மற்றபடி எப்போதும்போல்தான் இருந்தாள். ஊசியை நிறைத்தாள், நிக்கானோரின் தொப்பையைத் திட்டினாள், போட்டாள். நிக்கானோர் சட்டையை இறக்கிவிட்டான்.

"தோத்துட்டியாமே, பொண்ணே."

"ஆமா, தோன் நிக்கா. நல்லதாப் போச்சு. ஜெயிச்சிருந்தா உங்க வீட்டு வாசல்ல நான் ஊசியோட நிக்கறதுக்குப் பதிலா, என் வீட்டு வாசல்ல நீங்க குடத்தோட நின்னிருப்பீங்க." சொல்லிவிட்டு எலோதியா பக்கம் திரும்பினாள். "எஃப்ரைனுக்குத் தண்ணி குடுத்தீங்களாமே. சொன்னான். அங்க உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தது அவனுக்குத் தெம்பா இருந்துச்சாம். மத்தவங்களைப் பத்தி நான் யோசிக்கப் போறதில்ல. எனக்குப் போட்டவங்கள்ல நீங்க ஒருத்தர், அது எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்."

இப்போது சொல்ல வேண்டும். எலோதியா வாயைத் திறந்தாள். "ரொட்டி கொஞ்சம் கருகிடுச்சு," என்றாள்.

"கருகினதுதான் ருசி," என்று வாங்கிக்கொண்டு ஒப்துலியா போனாள்.

கடையில் காலைக் கூட்டம். இயந்திரம் வட்ட வட்டமாக ரொட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது. எலோதியா எடுத்து நிறுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து மணி சுமாருக்குச் செனாய்தா மூச்சு வாங்க வந்தாள்.

"கேட்டீங்களா? மருந்தகத்துல ஒப்துலியாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம். தோன் அபுந்தியோவை எதிர்த்து நின்னவளாச்சே, தேர்தல் முடியறதுக்குத்தான் காத்திருந்திருக்காங்க."

வரிசை முழுவதும் உச்சுக் கொட்டியது.

"அநியாயம்! பாவம், நான்கூட அவளுக்குத்தான் போட்டேன்."

"நானும்தான். எங்க வீட்டுல நாலு ஓட்டும் அவளுக்குத்தான்."

"பின்னே யாருதான் அவளைத் தோக்கடிச்சாங்க? நம்ம எல்லாருமே போட்டிருக்கோமே." சொன்னவர் தையல்காரர். அவர் வீட்டுக் கூரையிலும் தொட்டி உண்டு. "தோன்யா எலோ, நீங்கதானே எண்ணினீங்க? சொல்லுங்க, செல்லாத ஓட்டுப் போட்ட கழுதைங்க யாரு?"

எலோதியா தராசிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான்," என்றாள்.

இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?"

"நான் ஒரு கழுதை. படத்தை அனுப்பிட்டு, எல்லாத்து மேலயும் கோடு போட்டுட்டேன். மத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா எல்லாச் சீட்டும் என் சீட்டு மாதிரியே இருந்துச்சு. எது என்னுதுன்னு எனக்கே தெரியல."

அவ்வளவு நீளமாக அவள் கடையில் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் முகம், கழுத்து, காது எல்லாம் கொதித்தது. ரொட்டிகள் தட்டிலிருந்து நழுவிக் கீழே விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரைக் கிலோ போதும் என்றார். வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் போனார். பின்னால் நின்றவர்களும் அப்படியே. கடையில் இவ்வளவு சத்தமில்லாத வியாபாரம் நடந்ததே கிடையாது.

செனாய்தா கடைசிவரை நின்றாள்.

"உனக்குப் பைத்தியமா, கொமாத்ரே? அவங்க காதுக்குப் போனா தொட்டியை இறக்கிட்டுப் போயிடுவாங்க."

"இறக்கட்டும்."

செனாய்தா குனிந்து தரையில் கிடந்த ரொட்டிகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். நிமிராமலேயே சொன்னாள். "நானும் கோடுதான் போட்டேன். தெருவுல அத்தனை பேர்கிட்டயும் படம் வாங்கிட்டு, நானும் கோடுதான் போட்டேன்."

எலோதியாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? போய் அவகிட்ட சொல்லு."

"நீ சொன்னியா?"

எலோதியா தராசை விட்டு நகர்ந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முதலாளியின் நாற்காலியில் போட்டுவிட்டு, வருவோர் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்தினாள்.

ஒப்துலியா வீட்டு முற்றத்தில் துவைகல்லில் மருந்தகத்துச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எலோதியா வேலியோரம் நின்றபடியே சொல்லி முடித்தாள். உட்காரச் சொன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். ஆனால் ஒப்துலியா உட்காரச் சொல்லவில்லை. சீருடையின் கழுத்துப் பட்டியை மட்டும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டிக்காகவா?"

"தொட்டிக்காகவும்."

"வேற எதுக்கு?"

"யாரையும் நம்ப முடியலைன்னு. பதவிக்குப் போனா நீயும் மாறிடுவேன்னு." எலோதியா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் எப்படியும் நீ ஜெயிக்கமாட்டேன்னு நினைச்சேன். எல்லாரும் அவனுக்குத்தான் போடுவாங்கன்னு."

"எல்லாரும்னா யாரு, தோன்யா எலோ?"

எலோதியா யோசித்தாள். செனாய்தா, தையல்காரர், எதிர்வீட்டுக்காரி. ஒருவர் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"நான் மாறியிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது," என்றாள் ஒப்துலியா. "மாறியிருந்தா நீங்க என்னைத் திட்டியிருக்கலாம். அடுத்த தடவை துரத்தியிருக்கலாம். இப்போ நீங்க யாரைத் திட்டுவீங்க?" துணியைப் பிழிந்தாள். "நானே திரைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். என் பேருக்கு நேரா சிலுவை போட எனக்கே வெட்கமா இருந்துச்சு, வீணாகப் போற ஓட்டுன்னு. அப்புறம்தான் போட்டேன். உங்க வீட்டை நினைச்சுக்கிட்டேன். அங்க ரெண்டு ஓட்டு நிச்சயம், எங்க ரெண்டோட சேர்த்தா நாலுன்னு."

நிக்கானோர் ஓட்டுப் போடவே போகவில்லை என்பதை எலோதியா சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புதன்கிழமையிலேருந்து நகரத்துல ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போறேன். முதல் பஸ். இனிமே காலையில உங்க வீட்டுக்கு வர முடியாது. நாளைக்கு ஒரு நாள் வந்து ஊசி போடச் சொல்லித் தரேன். அப்புறம் நீங்கதான் போட்டாகணும்."

"எனக்குக் கண்ணு இருட்டும்."

"உட்கார்ந்துக்கிட்டுப் போடுங்க," என்றாள் ஒப்துலியா. துணியை உதறிக் கொடியில் போடத் திரும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னபடி வந்தாள். மருந்துக் குப்பியை எப்படித் தலைகீழாகப் பிடிப்பது, காற்றுக் குமிழியை எப்படித் தட்டி வெளியேற்றுவது, எங்கே சதையைக் கிள்ளிப் பிடிப்பது என்று பொறுமையாகக் காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. எலோதியாவின் விரல் தவறான இடத்துக்குப் போனபோது பிடித்து நகர்த்தி வைத்தாள். ஊசி இறங்கியது. நிக்கானோர் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"என்ன ரெண்டு பேரும் இன்னிக்கு இவ்வளவு அமைதி?" என்றான் அவன். "யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் மெதுவா எடுங்க," என்றாள் ஒப்துலியா. "அவசரப்பட்டா ரத்தம் கட்டும்." அவள் ஊசியைப் பார்த்தாள், எலோதியாவின் கையைப் பார்த்தாள், பஞ்சை எடுத்து நீட்டினாள். எலோதியாவின் முகத்தை மட்டும் அவள் அன்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எலோதியாவால் அந்தப் பார்வையைத் தாங்கியிருக்க முடியாது.